மாதேஷுக்கு மட்டும் நாப்பத்தஞ்சு

ஹெச்ஓடி கைதட்டிட்டாரு அக்கா. அங்கதான் எல்லாம் போச்சு.

திட்டியிருந்தா தப்பிச்சிருப்போம். என்னய்யா ப்ராஜெக்ட் இது, போய் மறுபடி பண்ணிட்டு வான்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. அவரு என்னடான்னா கைதட்டினாரு. பக்கத்துல பிரின்சிபால், அவரும் தட்டினாரு. பெரியவங்க தட்டினா வராண்டாவுல நிக்கிறவன் வரைக்கும் தட்டுவானே, தட்டினாங்க. அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள சார் சொல்லிட்டாரு, "திங்கக்கிழமைலேர்ந்து டிபார்ட்மென்ட் முழுக்க இதுலதான் அட்டெண்டன்ஸ்." எனக்கு உடம்பெல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு. சந்தோஷம்னு நெனச்சுக்கிட்டேன் அப்ப.

இருங்க, இந்த ஸ்லைடை மட்டும் சேவ் பண்ணிக்கிறேன். மத்தியானம் இன்ஸ்பெக்ஷன் டீம் வருது, நான்தான் பேசணும். லேப்டாப்ல அடிச்சுக்கிட்டேதான் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க.

உங்க பொண்ணு ஹாஸ்டல் பாக்கத்தான போயிருக்கு? லேட் ஆகும். அந்த வார்டன் மேடம் தண்ணித் தொட்டி வரைக்கும் காட்டாம விட மாட்டாங்க. ஆன்ட்டின்னு கூப்பிட்டா கோவிச்சுக்குவீங்க, அக்கான்னே சொல்றேன். நீங்க கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன். சிஎஸ் நல்ல கோர்ஸ். கண்ண மூடிட்டு சேத்து விடுங்க. நானும் சிஎஸ்தான், பைனல் இயர். பரணிதரன். இந்த ஹெச்ஓடி ரூமுக்குள்ள இப்ப ஒருத்தன் டிசி வாங்கப் போறான், அவனும் சிஎஸ்தான். மாதேஷ். என் ரூம்மேட். ஆனா அதுக்கும் கோர்ஸுக்கும் சம்பந்தம் இல்ல.

இருக்கு. கொஞ்சம் இருக்கு. சொல்றேன்.

நீங்க அந்தக் கதவுகிட்ட போய் எட்டிப் பாத்தப்ப "விருந்தினரே வருக"ன்னு ஒரு குரல் வந்துச்சுல்ல? யாரு யாருன்னு திரும்பித் திரும்பிப் பாத்தீங்களே. அது ஆள் இல்ல. கதவு ஓரமா டேபிள் மேல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு பாருங்க, தலையில கேமரா மாட்டி, அதுதான். நாங்க செஞ்சது. நான் செஞ்சது, மாதேஷ் கூட இருந்தான். முகத்தப் பாக்கும், பேரச் சொல்லும், வருகை போட்டுரும். தெரியாத முகம்னா விருந்தினர். அந்தக் குரல் எங்க க்ளாஸ் பொண்ணு ஒண்ணோடது. ஹாஸ்டல்ல கதவ சாத்திக்கிட்டு டிபார்ட்மென்ட்ல இருக்கிற அத்தன பேர் பேரையும் வணக்கம் வணக்கம்னு சொல்லி ரெக்கார்டு பண்ணிக் குடுத்துச்சு. பாவம், தொண்டை கட்டிக்கிச்சு.

டெமோ அன்னைக்கு காலையில மாதேஷ்தான் கேமரா முன்னாடி நிக்கணும்னு ஏற்பாடு. நிக்கிறான், பேரு வரல. மறுபடி நிக்கிறான், வரல. அவனுக்குப் பின்னாடி ஜன்னல். வெளிச்சம் பூரா பின்னாடி, முகம் இருட்டு. ஜன்னல சாத்தலாம்னா கொக்கி துருப்பிடிச்சு நிக்குது. நான் வேர்த்து ஊத்திட்டேன். மாதேஷ்தான் சொன்னான், என்ன விட்டுட்டு வேற எவனயாவது நிக்க வைடான்னு. அதுக்குள்ள மாடிப்படியில பிரின்சிபால் ஷூ சத்தம்.

இந்த மெஷின் என்ன பண்ணும்னா, முகம் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு மார்க் போடும். நூத்துக்கு எண்பது வந்தாதான் பாஸ், அவன்தான் இவன்னு ஒத்துக்கும். மாதேஷுக்கு ஐம்பதத் தாண்டவே மாட்டேங்குது. நான் ப்ரோக்ராம்ல ஒரு லைன் அடிச்சேன். ஒரே ஒரு லைன். எல்லாருக்கும் எண்பது, மாதேஷுக்கு மட்டும் நாப்பத்தஞ்சு. வேற யாருன்னும் தெரியாத முகமா, மாதேஷ் மாதிரி கொஞ்சம் இருக்கா, அப்ப மாதேஷ்தான். அவ்வளவுதான். பிரின்சிபால் உள்ள வந்தாரு, மாதேஷ் நின்னான், "வணக்கம் மாதேஷ்"னு சொல்லுச்சு. கைதட்டிட்டாங்க.

ஏமாத்து வேலைன்னு பாக்காதீங்க அக்கா. இது எங்க பழக்கம். லேப் எக்ஸாம்ல ப்ரோக்ராம் ஓடலன்னு வைங்க, வர வேண்டிய விடை என்னன்னு நமக்குத் தெரியுமே, அதையே பிரிண்ட் போடச் சொல்லி அடிச்சு விட்டுருவோம். ஸ்கிரீன்ல சரியான விடை வரும். வெளியிலேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் எட்டிப் பாத்துட்டு டிக் அடிச்சிட்டு போயிருவாரு. அவரும் படிக்கும்போது அப்படித்தான் பண்ணியிருப்பாரு. டெமோவுக்குன்னு ஒரு லைன் போடறது எல்லாரும் பண்றது. டெமோ முடிஞ்சதும் எடுத்துரணும். நானும் எடுக்கலாம்னுதான் இருந்தேன். எங்க எடுக்க விட்டாங்க? திங்கக்கிழமை முந்நூறு பேர் வரிசையில நிக்கிறாங்க. ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராம்ல யாராவது கை வைப்பாங்களா? சிலபஸ்ல இல்ல, ஆனா சிஎஸ் படிக்கிற யாரக் கேட்டாலும் சொல்லுவான், ஓடுறதத் தொடாத.

தண்ணி இருக்கா அக்கா? தேங்க்ஸ். வாய் காஞ்சு போச்சு.

டெய்லரிங்கா நீங்க? அப்ப பொண்ணு போட்டிருந்த சுடிதார் நீங்க தச்சதா? நான் கடையில வாங்கினதுன்னுல்ல நெனச்சேன். அப்ப உங்களுக்குப் புரியும். செஞ்சவன் கஷ்டம் செஞ்சவனுக்குத்தான் தெரியும். மாட்டிக்கிட்டு போறவங்களுக்கு என்ன.

இதுல ஒரு தமாஷ் கேளுங்க. எல்லார் முகத்தையும் போட்டோ எடுத்து மெஷினுக்குக் குடுத்தோம். எல்லாரும்னா எல்லாரும், ஹெச்ஓடி, மேடம்ங்க, அட்டெண்டர் தங்கவேல் அண்ணன் வரைக்கும். ஒரே ஒருத்தன் முகம் மட்டும் இல்ல. என்னோடது. போட்டோ எடுத்தவன் நானாச்சே, கேமராவுக்குப் பின்னாடியே நின்னுட்டேன். எனக்குன்னு அட்டெண்டன்ஸும் தேவைப்படல, ப்ராஜெக்ட் வேலைன்னு சார் எனக்கு தினமும் ஆன் டியூட்டி போட்டுட்டாரு. அப்ப நான் கேமராவத் தாண்டினா என்ன வரணும்? விருந்தினர்னு வரணும். வராது. "வணக்கம் மாதேஷ்"னு வரும். ரெண்டு பேரும் ஒரே உயரம், ஒரே சலூன், ஒரே தாடி, கண்ணாடி கூட ஒரே கடையில ஒண்ணு வாங்கினா ஒண்ணுன்னு எடுத்தது. நாப்பத்தஞ்சு மார்க் வராமயா போகும்? விழுந்து விழுந்து சிரிப்போம். மாதேஷ் சொல்லுவான், "டேய், எனக்கு ரெண்டு ரெண்டா அட்டெண்டன்ஸ் வருது, ஒண்ண நீ வச்சுக்கோ." அப்புறம் பேர் சொல்ற சத்தம் க்ளாஸுக்கு தொந்தரவா இருக்குன்னு குரல அணைச்சுட்டோம். இன்னைக்கு இன்ஸ்பெக்ஷன்னு சார்தான் மறுபடி போட வச்சிருக்காரு. மெஷின் கூட நேத்து வரைக்கும் லேப் வாசல்லதான் இருந்துச்சு, சார் தன் ரூம் வாசலுக்கே கொண்டாந்துட்டாரு.

பாருங்க பாருங்க, தங்கவேல் அண்ணன் டீ எடுத்துட்டுப் போறாரு. கேட்டுச்சா? "வணக்கம் தங்கவேல்." எவ்வளவு சுத்தமா சொல்லுது. டீ ட்ரே முகத்துக்கு நேரா இருந்தும் கண்டுபிடிச்சிருச்சு பாத்தீங்களா.

அவருக்குப் பின்னாடியே கதவு சாத்திக்குது. உள்ள பேசறது கேக்கவே மாட்டேங்குது. அவங்க உள்ள போனதுலேர்ந்து இப்படித்தான்.

சரி, டிசி விஷயம். மெஷின் ரொம்ப மெதுவா இருந்துச்சு அக்கா. ஒரு முகத்தப் பாத்துச் சொல்றதுக்குள்ள பின்னாடி நிக்கிறவன் கொட்டாவி விட்டுருவான். வரிசை மாடிப்படி வரைக்கும் போகுது. சார் என்னப் பாத்து, இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு இப்படி நிக்கக் கூடாது பரணின்னாரு. புது கம்ப்யூட்டர் வேணும் சார்னேன். கொட்டேஷன், அப்ரூவல், அடுத்த செமஸ்டர்னாரு. அடுத்த செமஸ்டர் நான் எங்க இருப்பேன்?

லேப்ல கடைசி வரிசைன்னு ஒண்ணு இருக்கு. ஃபேன் ஓடாது, யாரும் உக்கார மாட்டாங்க. அந்த கம்ப்யூட்டருக்குள்ள ரேம்னு ஒண்ணு இருக்கும், விரல் நீளத்துக்குப் பச்சையா ஒரு பட்டை. அது கூடினா வேகம் கூடும். சும்மா தூசி தின்னுட்டு இருந்துச்சு. ஒரு மத்தியானம் லஞ்ச் டைம்ல போய் நாலு மெஷின்லேர்ந்து கழட்டி இந்த மெஷின்ல மாட்டிட்டேன். டிபார்ட்மென்ட் பொருள் டிபார்ட்மென்ட்லயே இருக்கு. தலகாணிய இந்தக் கட்டில்லேர்ந்து எடுத்து அந்தக் கட்டிலுக்குப் போட்ட மாதிரி. பறக்குது மெஷின். சார் முதுகுல தட்டிக் குடுத்தாரு, எப்படிய்யா பண்ணினன்னாரு. ப்ரோக்ராம்ல கொஞ்சம் மாத்தினேன் சார்னேன். ரேம்னு சொன்னா யாரக் கேட்டு எடுத்தன்னு ஆரம்பிப்பாரு. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

இன்ஸ்பெக்ஷனுக்காக லேப் விமலா மேடம் ஒவ்வொரு மெஷினா திறந்து பாத்திருக்காங்க. நாலு மெஷின்ல ரேம் இல்ல. அழுதுட்டாங்களாம். அவங்க பொறுப்பு இல்லையா. சார் நேரா நம்ம மெஷின்லதான் பாத்தாரு, லஞ்ச் டைம்ல லேபுக்குள்ள எப்ப யாரு போனதுன்னு. ஒரே ஒரு பேரு.

மாதேஷ்.

போட்டோ இருக்காதான்னு கேக்கறீங்களா? இல்ல. போட்டோ எல்லாம் சேத்து வச்சா இடம் நெறைஞ்சிரும்னு நான்தான் எடுத்துட்டேன். பேரும் நேரமும் மட்டும்தான் இருக்கும்.

சார் அன்னைக்கே க்ளாஸ்ல வந்து சொல்லியிருக்காரு, திருடினவன் தானா வந்து சொன்னா இதோட விட்டுடறேன்னு. நான் க்ளாஸ்ல இல்ல, ஆன் டியூட்டி. அப்புறம்தான் கேள்விப்பட்டேன். திருடினவன்னு சொல்லிட்டாரே அக்கா. நான் திருடலையே. அப்ப நான் எப்படிப் போய் நிக்க முடியும்? எடுத்து மாட்டினவன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். சத்தியமா போயிருப்பேன்.

அதுக்கப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு. மாதேஷைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. நான் போகல சார்னு மட்டும் சொல்லியிருக்கான். அப்ப மெஷின் பொய் சொல்லுதான்னு கேட்டிருக்காரு. உன் ஃப்ரெண்டு செஞ்ச மெஷின்தான, அதப் போய் தப்புன்னு சொல்றியான்னு. இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னானாம்.

இதுதான் அக்கா எனக்குப் புரியல. கடுப்பே இதுலதான். ஏன் அவன் வாயத் திறக்க மாட்டேங்குறான்? ஏதாவது சொல்லணும்ல? வெளிச்சம் சரியில்ல சார், கேமரா தப்பா காட்டும் சார், ஏதாவது. இப்படி நின்னா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க, இவன்தான் எடுத்தான்னு நெனக்க மாட்டாங்களா? ரூம்லயும் அப்படித்தான். நாலு நாளா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல, அவன் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. நானும் பேசல, அவன் பேசட்டும்னு. நேத்து லைட்ட அணைச்சப்புறம் "பரணி"ன்னு கூப்பிட்டான். என்னடான்னேன். ஒண்ணுமில்ல, அலாரம் வச்சிருக்கியான்னு கேட்டான். வச்சிருக்கேன்னேன். சரின்னு திரும்பிப் படுத்துக்கிட்டான். கேக்க வேண்டியத கேட்டுருக்கலாம்ல?

அவன் அப்பா லாரி ஓட்டுறாரு. லோடோட வந்துட்டு இருந்தவரு, போன் போனதும் வண்டியத் தொப்பூர் பக்கம் க்ளீனரப் போட்டு நிறுத்திட்டு பஸ் புடிச்சு வந்திருக்காரு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உள்ள போனாங்க. அந்த மெஷின் அவரப் பாத்து "விருந்தினரே வருக"ன்னுச்சு. அவரு நின்னு அதப் பாத்து கும்பிட்டாரு அக்கா. கம்ப்யூட்டரப் பாத்து. நான் சிரிச்சிருக்கணும், சிரிப்பு வரல.

பின்னாடியே மாதேஷ். அப்பா வர்றாருன்னு தாடிய எடுத்துட்டு, கண்ணாடியக் கழட்டிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். குனிஞ்சுக்கிட்டே போனான். மெஷின் அவனையும் "விருந்தினரே வருக"ன்னுருச்சு. நாப்பத்தஞ்சு கூட வரல. கோணம் சரியில்ல, அத நான் சரி பண்ணிக்கிறேன். போறப்ப இந்த பெஞ்சுகிட்ட ஒரு நிமிஷம் நின்னான். நான் லேப்டாப்பப் பாத்துட்டு இருந்தேன்.

"சாப்ட்டியாடா?"ன்னு கேட்டான்.

இல்லன்னேன். "மெஸ்ல பொங்கல், தீந்துரும், போய் சாப்டு"ன்னுட்டு உள்ள போயிட்டான். டிசி வாங்கப் போறவன் பேசற பேச்சா இது? அவனுக்கு வேலை கெடச்சிருக்கு அக்கா, சென்னையில, அந்தக் கம்பெனிக்காரன் காலேஜ்ல ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சுது. அவன் பொங்கலப் பத்திப் பேசறான்.

நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்னா, சார் கூப்பிட்டிருக்காரு. சாட்சி மாதிரின்னு வைங்களேன். மாதேஷ் அப்பா, மெஷின் தப்பா சொல்லாதான்னு போன்லயே கேட்டிருக்காரு போல. செஞ்ச பையனையே கூப்பிட்டுக் கேட்டுருவோம்னு சொல்லியிருக்காரு சார். மெஷின் தப்பு பண்ணாதுன்னு அந்த அப்பா முன்னாடி நான் சொல்லணும். மத்தியானம் இன்ஸ்பெக்ஷன் டீம் முன்னாடியும் அதேதான் சொல்லணும்.

பயப்படாதீங்க, நான் யோசிச்சு வச்சிருக்கேன். மாதேஷை நான் விட்டுருவேனா? பாருங்க, இந்த ஸ்லைடுலயே போட்டிருக்கேன். துல்லியம் தொண்ணூத்தேழு சதவீதம். அப்படின்னா நூறுல மூணு தப்பாகலாம். உள்ள போய் சொல்லப் போறேன், சார், மெஷின் நல்ல மெஷின், ஆனா நூறுல மூணு தப்பு வரும், அந்த மூணுல ஒண்ணா மாதேஷ் இருக்கலாம் சார். முடிஞ்சுது. மெஷினும் தப்பிச்சிரும், மாதேஷும் தப்பிச்சிருவான். இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சதும் ரேமக் கழட்டி கடைசி வரிசையில ஏதாவது ட்ராயர்ல போட்டுட்டா விமலா மேடம் கண்ணுல பட்டுரும். எங்கயோ இருந்துச்சு, கெடச்சிருச்சு. யாருக்கும் நஷ்டம் இல்ல. இப்பவே கழட்டலாம், ஆனா மெஷின் படுத்துரும், டீம் முன்னாடி சார் மானம் போயிரும். சாருக்காகத்தான் பாக்கறேன்.

என்ன அக்கா?

மாதேஷ் இல்லன்னா அப்ப உள்ள போனது யாருன்னு சார் கேக்க மாட்டாரான்னா... கேக்க மாட்டாரு. அவரு ஏன் அதக் கேக்கப் போறாரு. அவருக்கு இந்த நாப்பத்தஞ்செல்லாம் தெரியாது. எனக்கும் மாதேஷுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆமா, அவனுக்கும் தெரியும். அன்னைக்கு பக்கத்துலதான நின்னான். நான் அடிச்சதப் பாத்துட்டே நின்னான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அவன் சொல்லல. சொல்லணும்னா முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல, நான் இல்ல சார், பரணி போனாலும் என் பேருதான் வரும்னு. ஒரு வாக்கியம். அதச் சொல்லாம பொங்கலு அலாரம்னு... இருங்க அக்கா. நீங்க குழப்பாதீங்க. நான் உள்ள போய் பேசணும். தொண்ணூத்தேழு. நூறுல மூணு. நல்ல கோர்ஸ் அக்கா, உங்க பொண்ணு ஜம்முன்னு வரும், என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேக்கச் சொல்லுங்க.

தங்கவேல் அண்ணன் கூப்பிடறாரு. கதவப் புடிச்சுட்டு நிக்கிறாரு பாருங்க. இந்தாங்க, பாட்டில். லேப்டாப் வேணாம், இங்கயே இருக்கட்டும். பாத்துக்கோங்க. சட்ட மடிப்பு சரியா இருக்கா? சரி. வரேன் அக்கா. நூறுல மூணு.

"வணக்கம் மாதேஷ்."

அக்கா.

கேட்டுச்சா?

கதவு திறந்துதான் இருக்கு. உள்ள கேட்டிருக்குமா? கேட்டிருக்கும். சார் என்னப் பாக்கறாரு. மெஷினப் பாக்கறாரு. அந்த நாற்காலியில உக்காந்திருக்கிறவனப் பாக்கறாரு, மறுபடி என்னப் பாக்கறாரு. அவன் அப்பா எந்திரிச்சு நிக்கிறாரு. மாதேஷ் மட்டும் நிமிரல. எவ்வளவு சுத்தமா சொல்லுச்சு பாத்தீங்களா. தாடி, கண்ணாடி, ஜன்னல் வெளிச்சம், எதுலயும் ஏமாறல.

அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. இத்தன வருஷம் தச்சிருக்கீங்களே, உங்க கையால செஞ்சது ஒண்ணு, நாலு பேர் பாக்கறப்ப, உங்களப் பாத்துத் திரும்பி நின்னிருக்கா? உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?